நீலத்துக்குக் கீழே இருந்த முதிரை

பழைய பெயின்றை மருந்து பூசிச் சுரண்டும்போது எழும்பும் வாசம் உங்களுக்குப் பழக்கமோ தெரியாது. தொண்டைக்குள் போய்க் கசக்கும். மகளின் கலியாணத்துக்கு வீட்டைத் திருத்தியபோது, ஒரு காலை எங்கள் முன்கதவடியில் அந்த வாசம் எழும்பியது. உலை கொதித்து வழிவதைக்கூடக் கவனியாமல் போய் நின்றுவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். அம்மா எனக்குத் தந்தார், நான் மகளுக்கு எழுதிவிட்டேன். ஆகவே நிறம் பற்றிய தீர்ப்பும் அவளுடையதுதான். என் கணவரைக் கேட்டால், தான் இந்த வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை, தனக்கு வாயில்லை என்று பேப்பருக்குள் முகத்தை வைத்துக்கொள்வார். கதவு, நிலை, யன்னல் எல்லாம் மர நிறத்திலேயே இருக்கட்டும், வார்னிஷ் மட்டும் போதும் என்பது மகளின் முடிவு. யன்னல்கள் பிற்காலத்தில் செய்வித்தவை, அவற்றை அவள் என்னவும் செய்யட்டும். முன்கதவுக்கும் அதன் நிலைக்கும் மட்டும் பெயின்ற்தான் என்று நான் பிடிவாதமாக நின்றேன். காரணம் கேட்டதற்குக் கறையான் வரும் என்றேன். வைரம் பாய்ந்த முதிரை மரத்தைக் கறையான் தின்னுமா என்று பெயின்ற் அடிக்க வந்த பாஸ் சிரித்தார். எனக்குப் பொய் சொல்லவும் ஒழுங்காக வராது.

எதைப் பூசினாலும் பழையதைச் சுரண்டத்தான் வேண்டும் என்று தொடங்கினார். மேலே இருந்த மண்ணிறம் போனது. அதன் கீழ் பச்சை. பச்சையும் போனதும் நீலம் தெரிந்தது.

அந்த நீலம் ஒரு காலத்தில் எங்கள் தேற்றாத்தீவில் வீட்டுக்கு வீடு இருந்தது. யுத்தம் வந்து பிரச்சினை முற்றிய நேரம் வாவியைக் கடந்து அக்கரையான படுவான்கரையில் பெரியம்மா வீட்டில் தங்கியிருந்துவிட்டுத் திரும்பி வந்தோம். சுவர் நின்றது, கதவு யன்னல் ஒன்றும் இல்லை. நிலைகளைச் சுவரிலிருந்து பெயர்த்து எடுத்திருந்தார்கள். ஆர் எடுத்தது என்று இன்றுவரை தெரியாது. அம்மா வாசலுக்குக் குறுக்கே ஒரு பழைய சேலையைக் கட்டினார். நான் அப்போதுதான் பெரியபிள்ளையாகியிருந்தேன். காற்றில் அந்தச் சேலை அசையும்போதெல்லாம் எழும்பிப் போய் அதன் நுனியைப் பிடித்துக்கொள்வேன்.

பிறகு கதவுகள் விலைக்கு வந்தன. களுவாஞ்சிக்குடிச் சந்தைக்குப் பின்னால் குவித்து வைத்திருந்தார்கள். எங்கே கழற்றியவை என்று விற்றவனும் சொல்லவில்லை, வாங்கியவர்களும் கேட்கவில்லை. எங்கள் கதவு கிடக்குமோ என்று அப்பா குவியல் முழுக்கத் தேடினாராம். கிடைக்கவில்லை. கடைசியில் ஒரு முதிரைக் கதவை அதன் நிலையோடு வண்டியில் ஏற்றி வந்தார்.

நிலையின் மேற்கட்டையில் ஒரு தாமரை செதுக்கியிருந்தது. இதழ் இடுக்குகளில் மஞ்சளும் குங்குமமும் ஊறிப்போயிருந்தன. யாரோ ஒருத்தி பொங்கலுக்கும் வருசப் பிறப்புக்கும் விடாமல் பூசி வந்திருக்கிறாள். அம்மா அதை விரலால் தொட்டுப் பார்த்தார். அப்பாவோடு சண்டைக்குப் போகப்போகிறார் என்று நினைத்தேன். போகவில்லை.

“பெயின்ற் வாங்கிற்று வாங்க. உரியவள் இந்தப் பக்கம் வந்தாளெண்டா, அவள்ர கண்ணில இது படப்படா,” என்றார்.

கடையில் அப்போது கிடைத்தது அந்த நீலம் மட்டும்தான். ஊரே அதைத்தான் வாங்கிப் பூசியது. ஒருவர் வீட்டுக் கதவைப் பற்றி மற்றவர் பேசமாட்டார். எங்கே போனாலும் கதவைப் பாராமல் தலையைக் குனிந்துகொண்டு நுழைவோம். அது எங்களுக்குள் ஒரு மரியாதையாகவே ஆகிவிட்டது. களவுபோன சாமானை வாங்கிய வெட்கம் இருந்தது. எங்கள் கதவு எவர் வீட்டில் நீலமாக நிற்கிறதோ என்ற எரிச்சலும் இருந்தது. அதைவிட, கதவுக்கு உரியவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று கேட்கப் பயம்.

நீலமும் போய்த் தாமரை வெளியே வந்த அன்றைக்குத்தான் இதையெல்லாம் மகளுக்குச் சொன்னேன். புது வாழ்வு தொடங்குகிற வாசலில் இன்னொருத்தியின் அழுகை வேண்டாம், திரும்பப் பூசிவிடுவோம் என்று கெஞ்சினேன். அவள் ஈரத்துணியால் தாமரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“மூடி வெச்சா அவங்க எப்பிடியம்மா கண்டுபிடிக்கிற?” என்றாள். “தெரியிற மாதிரியே இரிக்கட்டும். உரிய ஆக்கள் வந்து கேட்டா கழட்டிக் குடுப்பம்.”

“கலியாணம் முடிஞ்ச பிறகு வந்தாலும் குடுப்பியா புள்ள?”

“எப்ப வந்தாலும்.”

அம்மா மறைத்தது இரக்கத்தால்தான். அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. ஆனால் தன் கதவைத் தேடி ஒருத்தி ஊர் ஊராக அலைந்திருந்தால், எங்கள் இரக்கமே அவளுக்கு வழியை அடைத்திருக்கும் என்பது இத்தனை வருசமாக எனக்கு உறைக்கவில்லை. பெயின்ற் வேண்டாம், மரத்தைத் தேய்க்க அரத்தாளை எடுங்கள் என்று பாஸிடம் சொன்னேன்.

கலியாணம் முடிந்துவிட்டது. கதவு தேன் நிறத்தில் நிற்கிறது. பின்னேரங்களில் வாசலில் கதிரையைப் போட்டுக்கொண்டு, போகிற வருகிற வயதான பெண்களின் முகத்தைப் பார்க்கிறேன். போன கிழமை ஒருவர் மதிலடியில் நின்று தாமரையையே பார்த்தார். நான் கதிரையை விட்டு எழுந்தேன். என்ன வார்னிஷ் அடித்தது, தன் மகள் வீட்டுக்கும் வேண்டும் என்று கேட்டுவிட்டுப் போனார்.

இப்போது ஊரில் ஒரு நீலக் கதவும் இல்லை. தலை குனிந்து நுழைகிறவர்களும் இல்லை. வருகிறவர்களெல்லாம் நிமிர்ந்து பார்த்து, நல்ல வேலைப்பாடு என்கிறார்கள். இது என்ர வீட்டுக் கதவு என்று சொல்ல இன்னும் ஒருவரும் வரவில்லை. கொடுத்துவிடுவதற்குக் கதவு இருக்கிறது. கேட்பதற்குத்தான் ஆள் மிஞ்சவில்லையோ என்று பயமாக இருக்கிறது.