செவலைக்குக் காட்டிய கை

மகள் செல்போனில் ஒரு வீடியோ காட்டினாள். ஆராய்ச்சி செய்கிற பெண் ஒருத்தி இரண்டு கிண்ணங்களைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஒன்றை நோக்கி விரலை நீட்டுகிறாள். நாய்க்குட்டி நேராக அந்தக் கிண்ணத்துக்கே ஓடுகிறது. பல்லாயிரம் ஆண்டுகள் மனிதரோடு வாழ்ந்து நாய்க்குப் படிந்த குணமாம். எனக்குக் கருவாட்டுக் குழம்பின் வாசனை மூக்கில் ஏறியது.

எண்பதுகளில் ஒரு கோடை. செஞ்சியில் இருந்தோம். எனக்கு ஒன்பது வயது. எங்கள் நாய் செவலையை ஒரு வெறிநாய் கடித்துவிட்டது. முந்தைய மாதம்தான் பக்கத்துத் தெருவில் ஒருவர் நாய்க்கடிபட்டு, தண்ணீரைக் கண்டாலே அலறி, செத்திருந்தார். என் தம்பியோ எந்நேரமும் செவலையின் மேலேயே கிடப்பான்.

நைனா மல்லாட்டைச் செடிக்கு அடிக்கும் பூச்சிமருந்தைச் சோற்றில் கலந்தார். வாடை தெரியாமலிருக்கக் கருவாட்டுக் குழம்பை ஊற்றி, கோட்டை அகழியோரம் இலையில் வைத்தார். செவலை மோந்து பார்த்துவிட்டுப் பின்வாங்கியது. அவர் அதட்டியும் கிட்டே போகவில்லை.

"நீ சொன்னா கேக்கும். கையக் காட்டும்மா."

"நான் மாட்டேன் நைனா."

"நாளைக்குத் தம்பியக் கடிச்சா இன்னா பண்ணுவ?" அவர் குரல் உடைந்திருந்தது.

இலையை நோக்கி விரலை நீட்டினேன். செவலை என் விரலைப் பார்த்தது, பிறகு முகத்தைப் பார்த்தது. வாலை ஆட்டிக்கொண்டே போய்த் தின்றது.

"இந்த ஓநாய்க்குட்டியப் பாரும்மா," மகள் வீடியோவைக் காட்டிச் சிரித்தாள். "எத்தன தடவ கை காட்டினாலும் கண்டுக்கவே மாட்டேங்குது. சரியான மக்கு."

"அது மக்கு இல்லடி," என்றேன்.