ஏழு அணை தாண்டி வந்த துப்பட்டா

முப்பத்திரண்டு வருஷம் பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்தியவன் நான். பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன், இல்லையென்றால் சண்டைக்கு நிற்பேன். ஒரு கல்யாண வீட்டில், புளியமரத்தில் எதையோ பார்த்தேன் என்று சொன்ன மனிதரைப் பந்தியிலேயே வைத்துக் கேள்வி மேல் கேள்வி கேட்டு, பாயசம் குடிக்காமல் எழுந்து போக வைத்தவன். அதனால் நான் சொல்வதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது. நானாக இருந்தாலும் சிரித்திருப்பேன். ஆனால் முழுசாகக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

எங்களுக்கு ஒரே மகள், வடிவு. கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள். அங்கே துணிகள் மாறிப் போகின்றன என்று என் மனைவி கோமதி அவளுடைய ஒவ்வொரு துணியின் ஓரத்திலும் பச்சை நூலில் ஐந்து இதழ்ப் பூ ஒன்று தைத்துக் கொடுத்தனுப்புவாள். ஒரு மஞ்சள் துப்பட்டாவில் மட்டும் நூல் தீர்ந்துபோய் பூ நான்கு இதழோடு நின்றுவிட்டது. பிறகு தைக்கிறேன், பிறகு தைக்கிறேன் என்று கோமதி தைக்கவே இல்லை. வடிவுக்கு அதுதான் பிடித்தது. "நொண்டிப் பூ எனக்கு மட்டுந்தாம்மா, எவளும் எடுத்துக்கிட்டுப் போக முடியாது" என்று அதையே போட்டுக்கொண்டு திரிவாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எனக்குச் சர்க்கரை உண்டு. திருநெல்வேலி டவுணில் வீட்டை வைத்துக்கொண்டு, நாலு எட்டு வைத்தால் அல்வாக் கடை என்று இருக்கும்போது, மனுஷன் என்ன செய்வான். ஒளித்து வைத்துத் தின்பேன். பொட்டலக் காகிதம் கோமதி கையில் சிக்கும்போதெல்லாம் வடிவு முந்திக்கொள்வாள். "அப்பாவ ஏசாதம்மா, நான்தான் தின்னேன்." அவளுக்கு அல்வா வாயில் வைக்கப் பிடிக்காது. அது கோமதிக்கும் தெரியும். மூன்று பேருக்கும் தெரிந்த பொய் அது, அதனால் வீட்டில் சிரிப்பாக இருக்கும்.

லீவுக்கு வரும்போதெல்லாம் படகில் எங்கேயாவது போய் நாலு நாள் சும்மா மிதக்க வேண்டும் என்பாள். கேரளாப் பக்கம் போகலாம், அடுத்த லீவுக்குப் போகலாம் என்று நான் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். அடுத்த லீவு வரவில்லை. ஐப்பசி மழையில் காய்ச்சலோடு வந்தவள் ஆறே நாளில் போய்விட்டாள். ஆஸ்பத்திரியில் குளிர் தாங்காமல் உடம்பு தூக்கிப் போடும். "இந்தப் போர்வ குத்துதுப்பா, ஒங்க வேட்டியக் கொண்டாங்க" என்றாள். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகிப்போன என் பழைய எட்டு முழ வேட்டியை எடுத்துப் போய்ப் போர்த்தினேன். அதைப் போர்த்தியபடிதான் போனாள். அந்த நாளைப் பற்றி இதற்கு மேல் என்னால் சொல்ல முடியாது.

அதற்குப் பிறகு நான் ஒரு தப்புச் செய்தேன். கோமதி அந்த மஞ்சள் துப்பட்டாவைத் துவைக்காமல் தலையணை உறைக்குள் வைத்துக்கொண்டாள். பிள்ளையின் வாசனை அதில் இருந்தது. ராத்திரி பகல் பார்க்காமல் அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கிடந்தாள், சோறு தண்ணி இல்லை. அந்தத் துணி வீட்டில் இருக்கிற வரைக்கும் இவள் எழுந்திருக்க மாட்டாள் என்று சொந்தக்காரர்கள் என் காதில் ஓதினார்கள். பாபநாசத்தில் ஆற்றில் முழுக்குப் போட்டு, கட்டிய துணியை ஆற்றோடு விட்டுவிட்டு வந்தால் பீடை தொலையும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. அங்கே இறங்கினால் காலில் துணிதான் சுற்றும். ஆற்றைக் குப்பைத் தொட்டி ஆக்குகிறார்கள் என்று வகுப்பில் தொண்டை கிழியக் கத்தியவன் நான். அந்த நானே பங்குனி மாதம் ஒரு காலையில், கோமதிக்குத் தெரியாமல் துப்பட்டாவை உருவிக்கொண்டு பாபநாசத்துக்குப் பஸ் ஏறினேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அந்த வேட்டியைக் கட்டிக்கொண்டு முழுகினேன். பிறகு வேட்டியின் முனையையும் துப்பட்டாவின் முனையையும் சேர்த்து ஒரு முடிச்சுப் போட்டு, இரண்டையும் தண்ணீரில் விட்டேன். எதற்கு முடிச்சுப் போட்டேன் என்று கேட்காதீர்கள், தனித்தனியாகப் போகக் கூடாது என்று தோன்றியது. முடிச்சுப் போட்டதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்தால் கோமதி தலையணையைக் கிழித்துப் போட்டுத் தேடிக்கொண்டிருக்கிறாள். எனக்கு நாக்கு புரண்டுவிட்டது. "நான்தான் துவைச்சு மாடியில காயப்போட்டேன், காத்துல பறந்து போச்சு போல" என்றேன்.

"துவைச்சுட்டீயளா?" என்று மட்டும் கேட்டாள். ஏசவில்லை, அழவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் மாடிக்குப் போனவள்தான். அதன் பிறகு தினமும் விளக்கு வைக்கிற நேரத்துக்கு மாடி ஏறுவாள். அக்கம்பக்கத்து மொட்டைமாடிகளில் கொடி கொடியாகப் பார்ப்பாள், கைப்பிடிச் சுவரில் சாய்ந்து சந்துக்குள் எட்டிப் பார்ப்பாள், அப்புறம் பைய இறங்கி வருவாள். ஏறக்குறைய இரண்டு வருஷம். ஒரு நாளாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு நாளும் வாய் வரைக்கும் வரும், அவள் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிவிடுவேன்.

போன தை மாதம் ஸ்ரீவைகுண்டத்தில் இருக்கிற கோமதியின் தங்கை எங்களைக் கட்டாயப்படுத்திக் கூப்பிட்டாள். அவர்களுக்குத் தெரிந்த சுடலை அண்ணாச்சி, பாபநாசத்திலிருந்து இறங்கி வருகிற அதே ஆற்றில் மீன் பிடிக்கிறவர், சின்ன பைபர் படகு வைத்திருந்தார். மூன்று நாள் படகில் சுற்றிவிட்டு வாருங்கள் என்று ஏற்பாடு செய்தாள். பிள்ளை கேட்டபோது தள்ளிப்போட்டுவிட்டு இப்போது என்ன படகு என்று எனக்குச் சங்கடம்தான். ஆனால் கோமதி சரி என்றுவிட்டாள்.

ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுக்கு மேலே தேங்கி நிற்கிற தண்ணீர், குளம் மாதிரி அசையாமல் கிடக்கும். சுடலை அண்ணாச்சி துடுப்புப் போடுவதே தெரியாது. இரண்டு கரையிலும் வாழை, அதற்குப் பின்னால் அறுப்புக்கு நிற்கிற நெல். தோன்றின இடத்தில் படகைக் கட்டிவிட்டு இறங்கி நடப்போம், பம்புசெட்டில் முகம் கழுவுவோம், திரும்பி வந்து ஏறிக்கொள்வோம். இரண்டாம் நாள் ஒரு நாரை எங்கள் கண் முன்னாலேயே மீனைக் கொத்தி, விழுங்கத் தெரியாமல் நழுவவிட்டது. "ஒங்கள மாதிரி, பிடிக்கத்தான் தெரியும்" என்று கோமதி சிரித்தாள். சத்தியமாகச் சிரித்தாள். அந்த நிமிஷமே சொல்லிவிடலாமா என்று நினைத்தேன், சிரிப்பைக் கெடுக்க மனம் வரவில்லை.

மூன்றாம் நாள், நல்ல உச்சி வெயில். ராத்திரியும் இல்லை, இருட்டும் இல்லை, அதைக் கவனித்துக்கொள்ளுங்கள். ஒரு மருத மரத்து நிழலில் படகைக் கட்டினோம். சாப்பிட இலை அறுக்க அண்ணாச்சி வாழைத்தோட்டத்துக்குள் போனார். கரையோரம் ஒற்றையடிப் பாதை ஒன்று போனது, அது முடிகிற இடத்தில் பழைய கல் படித்துறை. கோமதி இறங்கினாள். "காலாற நடந்துட்டு வருவோம், வாங்களேன்" என்றாள். "வெயிலா இருக்கு, நீ போய்ட்டு வா" என்று சொல்லிவிட்டுப் படகிலேயே துண்டை முகத்தில் போட்டுப் படுத்தேன். அந்த ஒரு வார்த்தைக்காக என்னை நான் எத்தனை தடவை செருப்பால் அடித்துக்கொண்டிருப்பேன் தெரியுமா. கூடப் போயிருந்தால் நானும் பார்த்திருப்பேன்.

கால் மணி நேரம் இருக்கும். படகு ஆடியது, கண்ணைத் திறந்தேன். கோமதி ஏறி உட்கார்ந்திருக்கிறாள். மடியில் மஞ்சள் துப்பட்டா.

"நீங்க சொன்னது சரிதான்" என்றாள், ரொம்பச் சாதாரணமாக. "காத்துலதான் வந்திருக்கு. படித்துறையில ஒரு பிள்ள துணி அலசிக்கிட்டு இருந்தா. என்னப் பாத்ததும் எடுத்து நீட்டிட்டா. துவைச்சுக் காயப்போட்டிருந்ததுதான், பறந்து வந்துட்டு, நான் எடுத்து வச்சிருந்தேன்னு சொன்னா."

துப்பட்டாவைப் பிடுங்கி ஓரத்தைப் பார்த்தேன். பச்சை நூலில் பூ, நான்கு இதழ். துணியில் ஒரு கிழிசல் இல்லை, ஒரு பொட்டுச் சேறு இல்லை. வெயிலில் காய்ந்த துணியின் சூடு.

"வேற என்ன சொன்னா?"

"அப்பாவ ஏசாதம்மான்னு சொன்னா" என்று சொல்லும்போதுதான் கோமதியின் குரல் நின்றது. அப்போதுதான் அவளுக்கே உறைத்தது. என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

நான் படகிலிருந்து குதித்து ஓடினேன். படித்துறையில் யாரும் இல்லை. கல்லைத் தொட்டுப் பார்த்தேன், சுட்டது. துணி அலசின இடம் என்றால் ஈரம் இருக்க வேண்டாமா, கால் மணி நேரத்தில் அத்தனை கல்லும் காய்ந்துவிடுமா. ஒரு சொட்டு ஈரமில்லை, சோப்பு நுரை இல்லை. இலையோடு வந்த சுடலை அண்ணாச்சியைப் பிடித்துக் கேட்டேன்.

"படித்துறைக்கு இந்த ஒரு வழிதான் சார். நான் பாதைய ஒட்டித்தான் இலை அறுத்துக்கிட்டு நின்னேன். அம்மா மட்டுந்தான் போனாவ, அம்மா மட்டுந்தான் வந்தாவ. அங்கன வேற ஆளே இல்லையே" என்றார். எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு இலையைக் கழுவ ஆரம்பித்தார்.

நான் கணக்குப் போடாமல் இருப்பேனா. பாபநாசத்திலிருந்து அந்த இடத்துக்கு வர ஏழு அணைக்கட்டைத் தாண்ட வேண்டும். நான் விட்டது பங்குனியில், பாறை தெரிகிற தண்ணீரில். இரண்டு மழைக்காலம், மணல், முள், ஏழு மதகு. வந்திருந்தால் கந்தலாக வந்திருக்க வேண்டும். இல்லை, வேறு ஒரு துப்பட்டா என்றால் அந்த நொண்டிப் பூவை யார் தைத்தது?

திரும்பி வரும்போது படகிலேயே கோமதியிடம் உண்மையைச் சொன்னேன். துவைக்கவும் இல்லை, காயப்போடவும் இல்லை, நான்தான் ஆற்றில் விட்டேன், இரண்டு வருஷமாக உன்னை மாடி ஏற வைத்தேன் என்று அழுதுகொண்டே சொன்னேன். ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் துப்பட்டாவைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"ஒங்களுக்காவ அங்கன போயும் பொய் சொல்லுதாளே" என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவளும் உடைந்துவிட்டாள். "குனிஞ்சு அலசிக்கிட்டே இருந்தா. முடி முன்னால விழுந்து கெடந்துச்சு. ஏட்டி, ஒரு தடவ நிமிந்து பாருன்னு சொல்லணும்னு எனக்குத் தோணவே இல்லையே. துணியப் பாத்தேனே ஒழிய பிள்ளையப் பாக்கலையே" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள். சுடலை அண்ணாச்சி துடுப்பை நிறுத்திவிட்டுத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். படகு அப்படியே நின்றது.

அப்புறம்தான் கோமதி துப்பட்டாவின் முனையைக் கவனித்தாள். பூ இருக்கிற முனை இல்லை, எதிர் முனை. ரொம்ப நாள் முடிச்சுப் போட்டு வைத்து அவிழ்த்த மாதிரி அந்த இடம் மட்டும் கசங்கிச் சுருண்டிருந்தது. "இது என்ன?" என்று கேட்டாள். வேட்டியோடு சேர்த்து முடிச்சுப் போட்டதை அப்போதுதான் சொன்னேன்.

"எந்த வேட்டி?"

"ஆஸ்பத்திரியில போத்தினது."

"ஒரு பிள்ள ஆத்துத் தண்ணிக்குள்ள நின்னுக்கிட்டு, அத மட்டும் எதுக்கு அவுத்து எடுத்துக்கிட்டா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு அவளே வாயைப் பொத்திக்கொண்டாள்.

இப்போது கோமதி மாடி ஏறுவதில்லை. துப்பட்டா பீரோவில் மடித்து இருக்கிறது. அதில் பிள்ளையின் வாசனை இல்லை, வெயில் வாசனைதான். நேரத்துக்குச் சாப்பிடுகிறாள், தூங்குகிறாள். விளக்கு வைக்கிற நேரத்துக்கு மாடி ஏறுகிறவன் இப்போது நான்தான். பக்கத்து மாடிகளில் கொடி கொடியாகப் பார்க்கிறேன். எங்கேயாவது வெள்ளையாக எட்டு முழ வேட்டி ஒன்று ஆடினால் சுவரைப் பிடித்துக்கொண்டு உற்றுப் பார்ப்பேன், எங்களுடையது இல்லை என்று தெரிந்த பிறகுதான் மூச்சு வரும். அது மட்டும் திரும்பி வந்துவிடக் கூடாது. வந்துவிட்டால் என் பிள்ளை எதைப் போர்த்திக்கொள்வாள்?