பெண் வீட்டில் மறைத்த ஆபரேஷன்

எடை குறைக்க எனக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்து எட்டு மாதம் ஆகிறது. "பொண்ணு ஊட்டுல மூச்சு உட்டுப்போடாத கண்ணு" என்றார் அம்மா. எங்கள் வீட்டில் படித்தவன் நான் ஒருவன்தான். இருந்தும் அந்தியூருக்குப் பெண் பார்க்கப் போனபோது வாயைத் திறக்கவில்லை.

எங்கள் பக்கம் பெண் வீட்டில் சாப்பிட்டால்தான் சம்பந்தத்துக்குச் சம்மதம் என்று அர்த்தம். எனக்கும் பெண்ணைப் பிடித்திருந்தது. இலை போட்டார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு நாலு வாய்க்கு மேல் எனக்கு இறங்காது, இனிப்பும் ஒத்துக்கொள்ளாது. மறுத்தால் தப்பாக நினைப்பார்களே என்று பயந்து, வைத்த இரண்டு லட்டையும் அவசரமாக விழுங்கினேன். கொஞ்ச நேரத்தில் நெஞ்சு படபடத்து, வேர்த்துக் கொட்டி, கொல்லைக்கு ஓடி வாந்தி எடுத்தேன்.

பின்னாலேயே வந்த பெண்ணின் அப்பா, "ஏனுங்க மாப்ள, எங்க புள்ளையப் புடிக்கலீங்களா?" என்றார். அவர் முகம் வாடிப்போயிருந்தது. அதற்கு மேல் மறைக்க மனம் வராமல் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

அவருக்குப் பின்னால் நின்ற பெண், "அட, அவ்வளவுதானுங்களா? எங்கம்மா சமையல்தான் ஒத்துக்கலியோனு பயந்துபோட்டேனுங்க" என்றாள். பக்கத்தில் நின்ற அவள் அம்மாவே சிரித்துவிட்டார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

தை மாதம் கல்யாணம். ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிவதில்லை. ஆனால் யார் வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டாலும், இலையில் உட்காரும் முன்பே பரிமாறுகிறவரிடம் ஆபரேஷன் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.