ஜூலியின் குட்டிகளுக்கு முப்பத்தொரு மனுக்கள்

குடியிருப்பு விதி தெளிவாகத்தான் இருந்தது. அனுமதி பெற்று ஒரு நாய் வளர்க்கலாம். அது குட்டி போட்டால், நாற்பத்தைந்து நாட்களுக்குள் குட்டிகளை அப்புறப்படுத்த வேண்டும்.

எங்கே? அதைப் பற்றி விதி வாய் திறக்கவில்லை.

நாயை ஒரு தடவையாவது குட்டி போட விடலாமா என்று போன வாரம் ஒரு வாசகி கேட்டிருந்தார். விடலாம் அம்மணி. அதற்கு முன் என் அனுபவத்தைக் கேட்டுவிடுங்கள்.

1968. ஆவடியில் குவார்ட்டர்ஸ் வாசம். எங்கள் ஜூலிக்கு மூன்று வயது. கால்நடை மருத்துவரிடம் தகுதிச் சான்றிதழ்கூட வாங்கியாகிவிட்டது. மாப்பிள்ளையும் தயார் — சேக்காட்டிலிருந்து வேலைக்கு வரும் ஃபிட்டர் முனுசாமியின் அல்சேஷன், டைகர்.

"ஒரு தடவை பெத்துக்கட்டுமே, பாவம்" என்றாள் என் மனைவி.

எனக்கும் ஆசைதான். ஆனால் முந்தின வருடம் அடுத்த பிளாக்காரர் ஒருவர் ஐந்து குட்டிகளை விதிப்படி அப்புறப்படுத்தியிருந்தார் — ரயில்வே கேட் ஓரம், ஓர் அட்டைப்பெட்டியில். நான் தினமும் சைக்கிளில் போகும் வழி. தினமும் ஒன்று குறைந்தது...

ஆகவே தீர்மானித்தேன். முதலில் குட்டிகளை எடுத்துக்கொள்ள ஆறு வீடு எழுத்தில் வரட்டும். அப்புறம் டைகர் வரட்டும்.

'நாய்க்குட்டி வளர்க்க விரும்புவோர் மனுச் செய்யலாம்' என்று நோட்டீஸ் போர்டில் அறிவிப்பு ஒட்டினேன். மூன்றே நாளில் முப்பத்தொரு மனுக்கள்! ஒன்றில் கெஜட்டட் அதிகாரி கையெழுத்திட்ட நன்னடத்தைச் சான்றிதழ் வேறு. நாயைக் கண்டால் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடும் அக்கவுண்ட்ஸ் பரந்தாமனும் மனுப் போட்டிருந்தார்.

"இவருக்கு எதுக்கப்பா நாய்க்குட்டி?" என்று முனுசாமியிடம் கேட்டேன்.

"லிஸ்ட்டுன்னு ஒண்ணு போட்டா பேரைக் குட்த்து வெச்சிக்கணும் சார். ஸ்கூட்டருக்குக் குடுக்கல? போனுக்குக் குடுக்கல? அதெல்லாம் வந்துடுச்சா இன்னா? அந்த தைரியந்தான்!"

சோதித்துவிடலாம் என்று முப்பத்தொரு பேருக்கும் பதில் அட்டை அனுப்பினேன். 'குட்டி பிறந்தால் எடுத்துக்கொள்ளச் சம்மதமா? ஒரு வாரத்துக்குள் தெரிவிக்கவும்.'

ஓர் அட்டைகூடத் திரும்பவில்லை. ஆட்கள்தான் வந்தார்கள்.

"சார், என் நம்பர் இன்னா?"

"நான் ஐம்பத்தொம்பதுல சேர்ந்தவன். அறுபத்திரண்டுல வந்தவன் எப்படி சார் எனக்கு முன்னாடி?"

"எனக்கு வேணாம் சார். நம்பரை என் மச்சான் பேருக்கு மாத்திக் குடுங்க."

"சரி, மச்சான் குட்டியை எடுத்துக்குவாரா?"

"குட்டி எதுக்கு சார்? நம்பர் இருந்தா போதும்."

அடுத்த ஞாயிறு. முனுசாமி டைகரைக் குளிப்பாட்டி, நெற்றியில் குங்குமம் வைத்து அழைத்து வந்துவிட்டான். உள்ளே ஜூலி கதவைப் பிறாண்டுகிறாள். என் மனைவி என்னையே பார்க்கிறாள்.

"இல்லை முனுசாமி. ஒரு வீடுகூடத் தேறலை."

"இன்னா சார்... நாயி புள்ள பெத்துக்கறதுக்கும் பைல் போட்டுகினு கீறீங்களே! இத்தினி தூரம் இட்டாந்துட்டேன். டைகருக்கு நான் இன்னா சொல்றது?"

டைகரைத் திருப்பி அனுப்பினேன். பருவம் முடியும்வரை மூன்று வாரம் ஜூலியை வீட்டுக்குள்ளேயே பூட்டி வைத்தேன். மூன்று வாரமும் என் மனைவி தட்டை மட்டும் வைத்துவிட்டுப் போனாள்.

குட்டி இல்லை என்றான பிறகு லிஸ்ட்டை ரத்து செய்து நோட்டீஸ் ஒட்டினேன். அன்று மாலையே தூதுக்குழு! தலைமை பரந்தாமன். ஜூலி வாலை ஆட்டியதும் கேட்டுக்கு வெளியே போய் நின்றுகொண்டு முழங்கினார்: "குட்டியை நீங்க ரத்து பண்ணலாம் சார். சீனியாரிட்டியை ரத்து பண்ண முடியாது!"

லிஸ்ட் நிலைத்தது. குட்டிகள்தான் பிறக்கவில்லை. ரயில்வே கேட் பக்கம் நான் நிம்மதியாகப் போய்வந்தேன். ஆனாலும் அவ்வப்போது ஒரு சந்தேகம் குத்தும்... அவசரப்பட்டுவிட்டேனோ?

நான் ஓய்வுபெற்று அம்பத்தூருக்குக் குடிவந்த பிறகு, பழைய முகவரி அடிக்கப்பட்டு ஒரு பதில் அட்டை வந்தது. அனுப்பியவர் லிஸ்ட்டில் எண் பத்தொன்பது. அந்த நாளில் மெஸ்ஸில் நான்கு பேரோடு ஓர் அறையில் இருந்த ஸ்டோர்ஸ் கிளார்க்.

'ஐயா, இடமில்லாமல் சம்மதம் எழுத மனம் வரவில்லை. இப்போது வேப்பம்பட்டில் சொந்த வீடு. வேலியும் போட்டாயிற்று. ஒரு குட்டி எடுத்துக்கொள்ளச் சம்மதம். பெண் குட்டியானாலும் சரி.'

முப்பத்தொரு பேரில் ஒருவர் பொறுப்பாக யோசித்திருக்கிறார். பதினோரு வயது ஜூலி என் காலடியில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். அட்டையின் மேல், என் வழக்கப்படி, பெற்ற தேதியைக் குறித்தேன்: 14 செப்டம்பர் 1976.