தீவனம் இறக்கும் இடம்

கனடாவில் நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சரக்கு ரயில் கம்பெனி தொடக்கத்தில் மாடு ஏற்றியது. பிறகு மரம், பிறகு கோதுமை. தொண்ணூறுகளில் நான் சேர்ந்தபோது பெரும்பாலும் காற்றை ஏற்றிக்கொண்டிருந்தது. பெரிய கம்பெனிகள் வேண்டாம் என்று கழித்த பாதைகளை வாங்கிச் சேர்த்ததால், சுவரில் தொங்கிய வரைபடத்தில் எங்கள் வலையமைப்பு யாரோ கொட்டிவிட்ட நூல் போலக் கிடந்தது. அதில் ஓர் இழை ரொறன்ரோவின் மேற்கே தொடங்கி, பிறம்ரன் நகரைத் தாண்டி, மூடிப்போன ஒரு கோதுமை மா ஆலையின் முன்னால் வயலுக்குள் முடியும். அந்தப் பாதையில் சரக்கு இறக்க அனுமதியுள்ள ஒரே இடம் அந்த வயல்தான்.

இலங்கையில் செய்த வேலையைத்தான் இங்கும் செய்தேன். ரயில் எங்கே நிற்கலாம், எங்கே நிற்கக்கூடாது என்று அலுவலகத்திலிருந்து சொல்வது.

எனக்குத் தெரிந்த ஒருவர் பிறம்ரனில் பலசரக்குக் கடை திறந்தார். பின்வேலிக்கு அப்பால் எங்கள் தண்டவாளம் ஓடுவதைப் பார்த்தே அந்த இடத்தை எடுத்திருந்தார். ஊரில் ரயிலின் கார்டைத் தெரிந்தால் கேட்ட இடத்தில் ரயில் நிற்கும். இங்கே என்னைத் தெரியும். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், தைப்பொங்கலுக்கு ஒரு சரக்குப் பெட்டி நிறையப் பச்சையரிசியை ரயிலில் வரவழைத்தார். பாதிச் சனத்துக்கு வாக்கும் கொடுத்துவிட்டார். பொங்கலுக்கு அரிசி இல்லையென்றால் புதுக்கடைப் படியை அதன்பிறகு எவரும் மிதிக்கமாட்டார்கள்.

பெட்டி வந்தது. கடையைத் தாண்டி வயலுக்குப் போனது. வயலுக்குப் போகும் வீதியில் பனி வழிக்கப்படாததால் லொறி போக முடியவில்லை. எடுக்க ஆளில்லாத சரக்கு என்று மறுநாள் கடையைத் தாண்டித் திரும்பி வந்தது. அப்படிப்பட்ட சரக்கை இன்னொரு முறை கொண்டுபோய்க் காட்டவேண்டும் என்பது விதி. மறுபடி போனது.

“அண்ணை, உங்கட ரயில் என்ர அரிசியைச் சாமி மாதிரி வீதிவலம் கொண்டு திரியுது. ஒருக்கா நிப்பாட்டச் சொல்லுங்கோவன்.”

“தம்பி, நீர் இருக்கிற இடத்தில ஸ்ரேசன் இல்லை.”

“ஸ்ரேசன் என்னத்துக்கு? நான் நிக்கிறன்தானே.”

பொங்கலுக்கு முதல்நாள் அவருடைய மனைவி தன் சிவப்புக் கூறைச் சேலையை எடுத்துப்போய், அரிசிப் பெட்டியோடு ரயில் வரும்போது வேலியடியில் நின்று வீசினார். சிவப்பைக் கண்டால் நிறுத்தவேண்டும். அது சேலையாக இருக்கக்கூடாது என்று விதியில் இல்லை. ரயில் நின்றது. அடுத்து என்ன செய்வது என்று சாரதி ரயிலின் வானொலிக் கருவியில் என்னைக் கேட்டார்.

மாடு ஏற்றிய காலத்து விதியொன்றை நீக்க யாரும் நினைத்ததில்லை. ரயில் தடைப்பட்ட இடத்தில் கால்நடைகள் பசியோடு நின்றால், தீவனத்தை அங்கேயே இறக்கலாம். கால்நடைகள் ரயிலில் வந்தவையாக இருக்கவேண்டும் என்று அதில் சொல்லப்படவில்லை.

அங்கே ஏதும் பசியோடு நிற்கிறதா என்று கேட்டேன். வேலியோரம் நிறைய ஆட்கள் நிற்கிறார்கள் என்றார் சாரதி. ஆட்கள் வேண்டாம், உருப்படிகள் என்று சொல்லுங்கள் என்றேன். அவரும் இந்தக் கம்பெனியில் நரைத்தவர். உடனே விளங்கிக்கொண்டார்.

பிறகு கடைக்காரருக்குப் போன் எடுத்தேன்.

“தம்பி, இறக்கும். ஆரும் கேட்டால் உது தீவனம்.”

“அப்ப நாங்கள்?”

“மாடு.”

பக்கத்தில் நின்ற மனைவியின் குரல் கேட்டது. “ஓம் எண்டு சொல்லுங்கோவன். உங்களுக்கென்ன குறைஞ்சு போச்சு?”

மூட்டைகள் கைமாறிக் கைமாறி வேலியைக் கடந்தன. மறுநாள் பிறம்ரனில் பொங்கியது.

தலைமையகம் என்னைக் கண்டிக்கவில்லை. தீவனம் இறக்கிய இடத்தில் தண்ணீரும் வைக்கவேண்டும் என்ற அடுத்த விதியைத்தான் நினைவூட்டியது. பனி கரைந்ததும் இரண்டு பேர் வந்து, கடையின் பின்வேலியோரம் நீளமான இரும்புத் தொட்டியொன்றைப் பொருத்திவிட்டுப் போனார்கள். வரைபடத்தில் புதிதாக ஒரு புள்ளி முளைத்தது. அதன்பிறகு கடைக்காரரின் அரிசியெல்லாம் தீவனமாக அங்கேயே இறங்கியது.

ஆண்டுதோறும் தொட்டியைப் பார்க்க ஒரு பரிசோதகர் வருவார். நான் கூடப் போவேன். தண்ணீர் சுத்தமாக இருக்கும். ஒருமுறை அவர் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, மாடுகள் எங்கே என்று கேட்டார்.

கடைக்காரர் என்னைப் பார்த்தார். “ரெண்டாவது வேலைக்குப் போயிட்டுதுகள் எண்டு சொல்லுங்கோ, அண்ணை.”

நான் அப்படியே மொழிபெயர்த்தேன். பரிசோதகர் எழுதிக்கொண்டார்.