அடுப்படியில் கேட்க வேண்டிய கேள்வி

எனக்கு வாய்ச்சவடால் அதிகம். கல்யாணமான முதல் வாரத்திலேயே என் மனைவி இதைக் கண்டுபிடித்துவிட்டாள். அந்த வாயால் ஒருநாள் அவள் உயிருக்கே ஆபத்து வரும் என்பது மட்டும் அப்போது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது.

எங்கள் மலையில் பல சிற்றூர் சேர்ந்தது ஒரு நாடு. எடப்புளி நாட்டில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம். மிளகு, மரவள்ளி, சாமை. மூன்று வருடத்துக்கு முன் அவள் மார்பில் கட்டி ஒன்று தட்டுப்பட்டது. கீழே டவுன் ஆஸ்பத்திரியில் புற்றுநோய் என்றார்கள். அறுவை முடிந்த பிறகு மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருந்து ஏற்ற வேண்டும், தேதி தவறவே கூடாது என்று டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டார். முதல் இரண்டு தடவைக்கு மாடுகளை விற்றுச் சமாளித்தோம். மூன்றாவது தடவைக்கு விற்க எதுவும் இல்லை. அரசுக் காப்பீட்டு அட்டை இருந்தால் அங்கே காசு கேட்க மாட்டார்கள். அட்டைக்கு வருமானச் சான்று வேண்டும். சான்றுக்காக விசாரிக்கக் கிராம அலுவலர் வந்தார்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம். மிளகு சரம் பிடித்து நிற்கும் காலத்தில் தோட்டத்தில் நின்றுகொண்டு ‘இல்லை’ என்று யாரும் சொல்ல மாட்டோம். உப்புத் தீர்ந்துபோனாலும் ‘நெறஞ்சிருக்கு’ என்றுதான் சொல்வோம். ‘இல்லை’ என்றால் மிளகுக்கொடி கேட்டுவிடும், காய்ப்பு நின்றுபோகும் என்று ஒரு பயம். அவர் வந்தபோது நான் ஏணி மேல் நின்று மிளகு பறித்துக்கொண்டிருந்தேன். “வருசத்துக்கு எவ்வளவுங்க வரும்?” என்று கேட்டார். “நெறஞ்சு கெடக்குங்க, பாக்கறீங்கல்ல!” என்று கையை வீசிக் காட்டினேன். அந்த வருடம் வாடல் நோயில் பாதிக் கொடி பட்டுப்போயிருந்தது. நானோ என்றோ ஒரு நல்ல வருடத்தில் கண்ட விளைச்சலை, என்றோ கிடைத்த நல்ல விலையில் வைத்துச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை. ஒரு சீப்பு மலை வாழைப்பழம் வேறு கொடுத்து அனுப்பினேன்.

வருமானம் வரம்பைத் தாண்டியதால் அட்டை கிடையாது என்று பதில் வந்தது. மருந்து ஏற்ற இன்னும் பதினோரு நாள்தான். அவள் தாளை இரண்டு முறை படித்தாள். கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

“ஏனுங்க, ஏணி மேல நின்னா சொன்னீங்க?”

“ஆமா.”

“அதான் கணக்கு இவ்வளவு ஒசரத்துல போய் நிக்குது.”

யாரிடமாவது சொல்லிச் சத்தமில்லாமல் திருத்திவிடலாம் என்றேன். அவள் கேட்கவில்லை. மொட்டைத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, நாலு அடி வைத்தால் மூச்சு வாங்கும் உடம்போடு, ஒவ்வொரு சிற்றூராகப் போனாள். நோயாளி இருக்கிற வீட்டில் நுழைந்து, “உங்கூட்டு ஆம்பள என்னன்னு சொன்னாரு?” என்று பெண்களிடம் கேட்டாள். எடப்புளியிலும் பைல் நாட்டிலுமாக என்னோடு சேர்த்து ஐந்து பேர் கிடைத்தோம். அத்தனை பேரும் தோட்டத்தில் நின்று நெஞ்சை நிமிர்த்தியவர்கள்.

அந்தத் திங்கட்கிழமை கீழே டவுனில் பெரிய அதிகாரியிடம் மனு கொடுக்கும் நாள். மற்ற நாலு வீட்டுப் பெண்களையும் கூட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் கிளம்பினாள். நான் பின்னால் போனேன். மலைப்பாதையின் எழுபது வளைவிலும் பஸ் திரும்பத் திரும்ப அவள் கவரில் வாந்தி எடுத்தாள், வாயைத் துடைத்தாள், மறுபடி மனுவை எடுத்துப் படித்துப் பார்த்தாள். இந்தப் பெண்ணோடா இத்தனை வருடம் குடும்பம் நடத்தினேன் என்று எனக்கு மலைப்பாக இருந்தது.

பெரிய அதிகாரி நல்ல மனிதர். “உங்க மனுவைக் குடுத்துட்டுப் போங்கம்மா, பார்க்கிறோம்” என்றார்.

“எம்மனுவ மட்டும் பாத்தாப் பத்தாதுங்க. எங்க மலையில ஆம்பளைங்ககிட்டத் தோட்டத்துல வெச்சு வருமானத்தக் கேட்டா நெசம் வராதுங்க. பொம்பளைங்ககிட்ட அடுப்படியில வந்து கேளுங்க. என்ன வெளையுதுன்னு கேக்காதீங்க, போன வருசம் என்ன வித்தீங்கன்னு கேளுங்க. அத மாத்துனாப் போதும், இன்னும் எத்தனையோ பேரு பொழச்சுக்குவாங்க.”

அதிகாரி சிரித்தார். ஆனால் தாளைப் புரட்டியதும் முகம் மாறியது. “இது உங்க வீட்ல சொன்ன கணக்குதானே? யார் சொன்னது?”

நான் சுவரோரமாக நின்றிருந்தேன். ‘அதோ நிற்கிறாரே, அவர்தான்’ என்று அவள் ஒரு விரலை நீட்டியிருந்தால் போதும். மருந்துக்கு நாலே நாள் இருந்தது.

“ஊட்டுல எல்லாருமாத்தானுங்க சொன்னோம்” என்றாள்.

இத்தனை பேர் முன்னால் எனக்குத் தலைகுனிவு வரக்கூடாது என்று என் பொய்யைத் தன் தலையில் போட்டுக்கொண்டாள். எனக்கு என்மேலேயே ஆத்திரம் வந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனேன்.

“நாந்தானுங்க சொன்னேன். அவளுக்குத் தெரியாதுங்க. பாதிக் கொடி பட்டுப்போச்சு. எங்ககிட்ட ஒண்ணும் இல்லீங்க.”

அவள் என் கையைப் பிடித்து, “அதான் சொல்லிட்டீங்கல்ல, உக்காருங்க” என்றாள்.

ஐந்து வீட்டுக்கும் மறுவிசாரணை வந்தது. அலுவலர் எங்கள் அடுப்படியில் மணை போட்டு உட்கார்ந்து அவளிடம் கேட்டு எழுதினார். மருந்துத் தேதிக்கு முதல் நாள் அட்டை கைக்கு வந்தது. மீதி மருந்தெல்லாம் தேதி தவறாமல் ஏறியது. இப்போது தலைமுடி வளர்ந்து, என்னைவிட வேகமாக நடக்கிறாள். எங்கள் பக்கத்து அலுவலர் இப்போதெல்லாம் விற்றதைத்தான் கேட்கிறார். மலை முழுக்க அப்படியே கேட்க வேண்டும், அதை விதியாகவே எழுத வேண்டும் என்று அவள் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பேசுகிறாள். சாட்சிக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போகிறாள். நானும் மறுப்பதில்லை.

போன மாதம் பைல் நாட்டில் ஒரு வீடு. கர்ப்பப்பையில் புற்றுநோய் வந்த பெண் உள்ளே படுத்திருந்தாள். அலுவலரை அடுப்படிக்கு வரச் சொல்லி என் மனைவி கூப்பிட்டாள். அந்தப் பெண்ணின் புருசன் வாசற்படியை மறித்துக்கொண்டு நின்றான். “உள்ள எதுக்குங்க? நாந்தான் நெறஞ்சிருக்குன்னு சொல்லிட்டனே.”

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் அவன் தோளில் கைபோட்டேன்.

“இல்லேன்னு சொல்லிரு சாமி. நானும் சொன்னவன்தான். என்ன போச்சு? எம்பொண்டாட்டி இருக்கா பாரு.”

அவன் அவளைப் பார்த்தான். நன்றாகப் பார்த்தான். பிறகு படியை விட்டு விலகி நின்றான்.