கம்பெனி வயசு

போன ஞாயிற்றுக்கிழமை மகன் என் கைப்பேசியைப் பிடுங்கி வைத்துக்கொண்டு கிரிக்கெட் விளையாடிக்கொண்டிருந்தான். அந்த விளையாட்டில் நமக்கென்று ஓர் ஆட்டக்காரனை நாமே உருவாக்கிக்கொள்ளலாமாம். பெயர், முடிவெட்டு, ஷூவின் நிறம் எல்லாம் முடித்துவிட்டு, வயது கேட்கும் கட்டத்தில் வந்து நின்றான். “அப்பா, எனக்குப் பதினெட்டுன்னு போடட்டா? பெரிய ஆளா இருந்தா பந்து வேகமாப் போகும்” என்றான். பதினொன்று முடியாத பிள்ளை. விளையாட்டாகக் கேட்டவனுக்கு விளையாட்டாகவே பதில் சொல்லியிருக்கலாம். “உள்ளதப் போடுறா!” என்று கத்திவிட்டேன். அடுப்படியிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். பையன் கைப்பேசியைச் சோபாவில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

இதே கேள்வியை இருபது வருடத்துக்கு முன்னால் வேறொருவன் என்னிடம் கேட்டிருக்கிறான். எனக்கு எதையும் நேராகச் சொல்ல வராது, கொஞ்சம் சுற்றித்தான் வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சிவகாசியில் ஒரு அச்சகத்தை ஒட்டிய சந்துக்குள் இருந்தது அந்த கேம் சென்டர். நாலு கம்ப்யூட்டர், ஒரு மேசை மின்விசிறி. உள்ளே நுழைந்ததும் அச்சு மையும் மண்ணெண்ணெயும் கலந்த வாடை அடிக்கும். சுவருக்கு அந்தப்புறம் ஆப்செட் மிஷின் ஓடினால் இந்தப்புறம் எங்கள் மானிட்டர் நடுங்கும். மௌஸுக்கு அடியில் போடுவதற்குக் கலர் விலகிப்போன காலண்டர் அட்டைகளை வெட்டி வைத்திருந்தார் சென்டர் அண்ணன். என் மௌஸுக்கு அடியில் இருந்த அட்டையில் முருகனுக்கு இரண்டு மூக்கு. முதல் நாள் கன்னத்தில் போட்டுக்கொண்டுதான் மௌஸைத் தொட்டேன். இரண்டாம் நாளிலிருந்து முருகனும் பழகிவிட்டார்.

எங்கள் ஊரில் காகிதத்துக்கு மட்டும் பஞ்சமே கிடையாது. மூன்று பேர் சேர்ந்து ஒரு டென்னிஸ் பந்துப் போட்டி நடத்தினாலும் பளபளவென்று நாலு கலரில் நோட்டீஸ் வந்துவிடும். மைதானத்தில் குடிக்க ஒரு குடம் தண்ணீர் இருக்காது, அது வேறு விஷயம்.

கேம் சென்டரில் நான்தான் ராஜா. பந்து எங்கே குத்தப்போகிறது என்று திரையில் ஒரு வட்டம் முன்கூட்டியே தெரியும். அதைப் பார்த்து இரண்டு பொத்தானைச் சேர்த்து அழுத்தினால் ஆறு ரன். பதினொன்றாம் வகுப்பு படிக்கிறவன், டியூஷன் என்று வீட்டில் சொல்லிவிட்டு அங்கேயே கிடப்பேன். வெயிலில் இறங்கினால் என் கதை வேறு. நிஜ மைதானத்தில் யாரும் வட்டம் போட்டுக் காட்டுவதில்லை.

மைதானத்தில் ராஜா காளிராஜ். பக்கத்து ஊர் விஸ்வநத்தத்துக்காரன், பத்தாவது வரை என் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன். அவன் அப்பா பக்கவாதத்தில் படுத்த பிறகு, பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருந்த தாய்மாமன் அவனை அங்கேயே சேர்த்துவிட்டார். அவன் அம்மாவுக்கும் அதே கம்பெனியில்தான் வேலை. காய்ந்த சக்கரங்களைத் தட்டோடு தூக்கி குடோனில் சேர்ப்பதும், லாரி வந்தால் லோடு ஏற்றுவதும் இவன் வேலை. அந்தத் தோளைக் கொண்டு அவன் பந்து போட்டால் மட்டையைத் தூக்குவதற்குள் பின்னால் ஸ்டம்பு கழன்று கிடக்கும். வேலை முடிந்து நேராக கேம் சென்டருக்கு வருவான். விரல் இடுக்கில் எல்லாம் அலுமினியப் பொடி மினுங்கும். “ஏலே, கையக் கழுவிட்டு வா. கீபோர்டு பூராம் மத்தாப்பு மாதிரி ஆகுது” என்று அண்ணன் சத்தம் போடுவார். கழுவிவிட்டு வந்தாலும் போகாது. அவன் ஆடிவிட்டு எழுந்தால் நாலு அம்புக்குறிப் பொத்தான்களும் வெள்ளியாகியிருக்கும்.

தீபாவளி முடிந்ததும் கம்பெனிகளுக்கு லீவு விடுவார்கள். வருடம் முழுக்கப் பட்டாசுக்காக ஊரே ஓடி, அந்தச் சில வாரம் மட்டும் மூச்சு வாங்கும். எல்லாக் கிரிக்கெட் போட்டியும் அப்போதுதான் நடக்கும். அந்த வருடம் அந்த லீவிலேயே, விருதுநகரில் பதினேழு வயதுக்குட்பட்டோருக்கான மாவட்ட அணித் தேர்வும் வந்தது. காளிராஜுக்கு இதைவிட்டால் வேறு வாய்ப்பு இல்லை. அணியில் எடுத்துவிட்டால் விளையாட்டு விடுதியில் சேர்த்துப் படிக்கவைப்பார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அவன் அம்மாவிடமும் சொல்லிவைத்துவிட்டான். நான் வீட்டுக்குப் போனபோது அந்த அம்மா, “நெசமாத்தான் சேத்துக்கிருவாகளாய்யா? எம்புள்ள மறுபடி படிப்பானா?” என்று என்னிடம் கேட்டார். “கட்டாயம் சேத்துக்கிருவாங்கம்மா” என்று சொன்னேன். சாப்பிடாமல் போகக்கூடாது என்று உட்காரவைத்துச் சோறும் போட்டார்.

அந்த வாரம்தான் சென்டரில் புது சிடி வந்தது. அதில் நம் பெயரிலேயே ஆட்டக்காரனை உருவாக்கலாம். காளிராஜ் ஒற்றை விரலால் தன் பெயரைத் தட்டிவிட்டு, வயது கேட்டதும் என் பக்கம் திரும்பினான். “எந்த வயசப் போடட்டும்ல? நெச வயசா, கம்பெனி வயசா?”

அப்படி ஒன்று இருப்பது எனக்கு அப்போதுதான் தெரியும். பதினெட்டு ஆகாதவனை வேலைக்கு வைத்தால் அதிகாரிகள் ஜீப்பில் வந்து பிடித்துவிடுவார்கள். அதனால் மாமா எங்கோ ஒரு வயதுச் சான்றிதழ் வாங்கி, அவனுக்குப் பதினெட்டு முடிந்ததாகக் கம்பெனிக் கார்டில் ஏற்றியிருந்தார். நிஜத்தில் அவனுக்குப் பதினாறு. என்னைவிட நாற்பது நாள் இளையவன். “வெளிய சொல்லிறாத. ஒனக்கும் மாரிக்கும் மட்டுந்தாந் தெரியும்” என்றான்.

மாரி அவன் தெருக்காரன், மூன்று வீடு தள்ளி. எங்கள் விக்கெட் கீப்பர். அவனுக்கு நிஜமாகவே பதினெட்டு ஆகிவிட்டதால் தேர்வில் கலந்துகொள்ள முடியாது. முந்தின வாரம் ஒரு கேட்சை விட்டதற்காக அவனுக்கும் காளிராஜுக்கும் வாய்த்தகராறு வேறு நடந்திருந்தது.

தேர்வுக்கு இரண்டு நாள் முன்னால் காளிராஜ் என்னை அந்தக் கம்ப்யூட்டர் விளையாட்டிலும் தோற்கடித்தான். அவன் பெயர் போட்ட பந்துவீச்சாளன், என் பெயர் போட்ட மட்டையாளனை முதல் பந்திலேயே போல்டாக்கினான். சென்டரே கைதட்டியது. “தரையிலதான் தோக்கான்னு பாத்தா டிவியிலயும் தோத்துட்டானே!” என்றார் அண்ணன். சிரிக்கிற விஷயம்தான். நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டேன். எனக்கென்று இருந்தது அந்த ஒரு நாற்காலிதான், அதையும் எடுத்துக்கொண்டான் என்று தோன்றியது. இன்று எழுதும்போது கூச்சமாக இருக்கிறது. பதினாறு வயதில் அது உயிர் போகிற விஷயம்.

தேர்வு நாளன்று மூவரும் ஒரே பஸ்ஸில் போனோம். மாரி ஆடப்போவதில்லை, ஆனாலும் காளிராஜின் பையை அவன்தான் சுமந்து வந்தான். வலைப்பயிற்சியில் காளிராஜ் வீசிய பந்துகளைப் பார்த்துத் தேர்வாளர், “பேரென்ன தம்பி?” என்று இரண்டு முறை கேட்டார். அதில் ஒரு முறை, அவன் வீழ்த்திய ஸ்டம்பு என்னுடையது. மதியத்துக்குள் காளிராஜையும் சேர்த்துப் பதினான்கு பேர் முடிவாகிவிட்டார்கள், மீதி ஓர் இடத்தில் யாரைப் போடுவது என்று பேசிக்கொண்டார்கள். என் பெயரும் அதில் அடிபட்டது. இன்னும் ஓர் இடம் காலியானால் எனக்கு உறுதி என்று மனம் கணக்குப் போட்டது.

பந்தலுக்குத் தண்ணீர் குடிக்கப் போனேன். தாகமே இல்லை. தேர்வாளர் தனியாக எழுதிக்கொண்டிருந்தார். குனிந்து சொன்னேன். “சார், காளிராஜ் பட்டாசுக் கம்பெனியில வேலை பாக்குறான் சார். அங்க பதினெட்டுன்னு கார்டு இருக்கு.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். “உன் சிநேகிதன்தானப்பா அவன்?”

“ஆமா சார்” என்றேன்.

உண்மையைத்தானே சொன்னேன் என்று எனக்கு நானே எத்தனையோ முறை வாதாடியிருக்கிறேன். எடுபடவில்லை. சொன்ன ஒவ்வொரு சொல்லும் சரி, சொன்ன சேதிதான் பொய். அவனுக்குப் பதினாறு என்பது என்னைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்?

அவனைக் கூப்பிட்டார்கள். நான் பத்தடி தள்ளி ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தேன், ஏற்கனவே கட்டியிருந்த கயிறு. பள்ளிக்கூட டி.சி.யைக் கையில் வைத்துக்கொண்டு தேர்வாளர் கேட்டார். “இதுல பதினாறுன்னு இருக்கு. கம்பெனியில எம்புட்டு வயசு குடுத்திருக்க? நான் போன் போட்டு விசாரிக்கட்டுமா?”

காளிராஜ் தரையைப் பார்த்தான். நிஜ வயதைச் சொல்லி, விசாரணை கம்பெனி வரைக்கும் போனால் அவன் வேலை மட்டும் போகாது. கார்டு வாங்கிக்கொடுத்த மாமா மாட்டுவார், அம்மாவையும் வெளியே அனுப்புவார்கள்.  

“வேணாம் சார். பதினெட்டுத்தான் சார்.”

“அப்ப இந்த டி.சி. பொய்யா?”

“ஆமா சார். பொய்தான்” என்றான்.

அவனிடம் இருந்த ஒரே உண்மையான காகிதம் அது. அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, தேர்வாளருக்கு வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வந்தான். அரை மணி நேரம் கழித்துப் பட்டியல் வாசித்தார்கள். கடைசிப் பெயர் என்னுடையது.

திரும்பும்போது பஸ்ஸில் மாரி முன்னால் நின்றுகொண்டு வந்தான். காளிராஜ் என் பக்கத்தில். “நீயாவது உள்ள போயிட்டேல்ல. விட்றாதல” என்று என் தொடையில் தட்டினான். கொஞ்ச தூரம் போனதும் குரலைத் தாழ்த்தி, “மாரிதாம்ல சொல்லியிருக்கான். கேட்ச் விட்டதுக்கு ஏசுனேம்லா, அந்தக் கோவம்” என்றான்.

அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். திறந்தேன். “இருக்கும்” என்றேன்.

செய்த துரோகத்தைவிட அந்த ஒரு சொல்தான் எனக்கு இன்றுவரை தொண்டையில் நிற்கிறது. முதலாவது பொறாமையில் வந்தது. இரண்டாவதை யோசித்துச் சொன்னேன்.

மாவட்ட அணிக்காக நான் ஆடிய ஆட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு போட்டி. இரண்டு பந்து. முதல் பந்து முழங்காலில் பட்டது, இரண்டாவது ஸ்டம்பில் பட்டது. மற்ற நாளெல்லாம் தண்ணீர் சுமந்தேன். காளிராஜ் அதற்குப் பிறகு பந்து போடவில்லை. கூப்பிட்டால் தோள் வலிக்கிறது என்பான். கம்பெனி திறந்ததும் லோடு ஏற்றப் போய்விட்டான், அங்கே மட்டும் தோள் வலிக்கவில்லை.

நான் படித்து, வேலைக்குக் கோயம்புத்தூர் வந்துவிட்டேன். போன வருடம் காளிராஜ் மகளுக்குச் சடங்கு. பத்திரிகை ஐந்து கலரில், தங்க ஓரத்தோடு வந்தது. குடும்பத்தோடு போனேன். அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “வாங்கய்யா, நல்லா இருக்கீகளா?” என்றார். சின்னப் பையனாக இருந்தபோது சோறு போட்டவருக்கு இப்போது நான் வாங்க போங்க ஆகியிருந்தேன். காளிராஜ் என்னை இழுத்துக்கொண்டுபோய்த் தன் சொந்தக்காரர்கள் முன்னால் நிறுத்தினான். “பதினாறு வயசுலருந்து எங்கூட நிக்கிறவன் இவன் ஒருத்தந்தான். மத்தவனெல்லாம் கூட இருந்தே குழி பறிச்சவன்” என்று மூன்று வீடு தள்ளிக் கேட்கும்படி சொன்னான். அந்த மூன்றாவது வீட்டுக் கதவு சாத்தியிருந்தது.

பந்தியில் உட்காரப் பிடிக்காமல் அந்தக் கதவைப் போய்த் தட்டினேன். மாரி கைலியோடு வந்து திறந்தான். என்னைப் பார்த்ததும் வாவென்றும் சொல்லவில்லை, போவென்றும் சொல்லவில்லை. நின்றபடியே, “மாரி, அன்னைக்கி சொன்னது நாந்தான்” என்றேன்.

“தெரியும்” என்றான். “நீ பந்தல்ல குனிஞ்சத நான் பாத்தேன்ல.”

“பெறகு ஏன் அவன்கிட்ட சொல்லல?”

“பழி விழுந்தவன் சொன்னா எவன் நம்புவான்? தப்பிக்கப் புளுகுறாம்பான். நீயா சொல்லுவன்னு ரெண்டு மூணு வருசம் பாத்தேன். பெறகு விட்டுட்டேன்.” காளிராஜ் வீட்டுப் பக்கம் கையைக் காட்டினான். “எங்கிட்ட எதுக்குச் சொல்ற? அங்கனதான இருக்கான். போய்ச் சொல்லு.”

சொல்லத்தான் நடந்தேன். மூன்று வீட்டுத் தூரம். வாசலில் காளிராஜ் எனக்காக இலை போட்டுக் காத்திருந்தான். “எங்கல போன? ஒனக்காகத்தான் நானும் சாப்பிடாம நிக்கேன்.”

“ஒண்ணுமில்ல. ஆபீஸ்லருந்து போன்” என்றேன்.

அந்த கேம் சென்டர் இருந்த இடத்தில் இப்போது கைப்பேசிக்கு உறை விற்கிறார்கள். நாங்கள் ஆடிய மைதானத்தில் பிளாட் கல் நட்டிருக்கிறார்கள். இப்போதெல்லாம் கம்பெனி வாசலில் கட்டாயம் வயது பார்த்துத்தான் உள்ளே விடுகிறார்கள் என்று காளிராஜே சொன்னான். கம்பெனி வயசு என்ற ஒன்று போனதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் இன்னொன்றும் போனது. அப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலையில் விஸ்வநத்தம் ரோட்டில் ஒரே சைக்கிளில் இரண்டு பேர் வருவார்கள். மாரி மிதிப்பான். பின்னால் கேரியரில் நின்றுகொண்டு அவன் தோளைப் பிடித்தபடி காளிராஜ் எங்களைப் பார்த்துக் கத்திக்கொண்டே வருவான். இருவரும் இன்றும் அதே தெருவில்தான் இருக்கிறார்கள். இருபது வருடமாக ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. என்னோடு மட்டும் காளிராஜ் வாரம் தவறாமல் போனில் பேசுகிறான்.